சித்தரத்தைக்கு முன் ஒரு புங்கன்

திண்டிவனம் மல்லாட்டை (நிலக்கடலை) ஊர். இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 ரகங்கள் தமிழ்நாட்டுக்கு வெளியேயும் போய்ச் சேர்ந்தவை. மல்லாட்டையும் சவுக்கும் வெட்டவெளியில் வெயிலைக் குடித்து வளர்பவை. அதனாலோ என்னவோ, விழுப்புரம் பக்கத்தில் நல்ல நிலம் என்றாலே வெயில் தட்டுகிற நிலம்தான். வரப்பில் ஒரு மரம் நிழல் கட்டினால் உடனே அரிவாள் தேடுவோம்.

அப்படிப்பட்ட மண்ணில் சித்தரத்தை வளர்க்க ஆசைப்படுவது கொஞ்சம் வம்புதான். இஞ்சிக்கு உறவு, தழைத்தால் இடுப்புக்கு மேல் நிற்கும். தண்டின் நுனியில் வெள்ளைப் பூக்கொத்து, உள்ளே மஞ்சளில் சிவப்புக் கோடுகள். சளிக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிறோமே, அந்தக் காய்ந்த துண்டு இதன் கிழங்குதான். ஒருமுறை ஊன்றினால் பல வருஷம் தூர் கட்டிக்கொண்டே போகும். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் திறந்தவெளியில் விட்டுப் பாருங்கள்: இலையின் ஓரம் பழுப்பேறும், நுனி கருகும், பிறகு இலையே சுருளும். மரத்தடியில் அதே செடி பச்சைப் பசேலென்று நிற்கும்.

அப்படியானால் முதலில் நட வேண்டியது எது?

ஆரோவில்லில் 1968க்குப் பிறகு வந்தவர்கள் முன் இருந்தது மழை அரித்த செம்மண் பொட்டல். இந்த மண்ணுக்குரிய காட்டு மரங்களின் கன்றுகள் அந்த வெயிலைத் தாங்கவில்லை. எனவே ஆஸ்திரேலியப் பக்கத்து அக்கேஷியாவை முதலில் நட்டார்கள். அது மளமளவென வளர்ந்து நிழல் தந்தது. அந்த நிழலில் நம்மூர் மரங்கள் தலையெடுத்தன. அந்நிய மரம் என்று இன்று அதைத் திட்டுவது எளிது. மாறாக, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றி இன்னும் பழைய காடு இருக்கிறது. அங்கே நிழலை யாரும் புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கவில்லை. சாமிக்குப் பயந்து சுள்ளிகூட ஒடிக்காதவர்கள் அதைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

நிழல் தானாக வருவதில்லை. நமக்கு முன்னால் யாரோ வெயிலில் நின்று சேர்த்து வைத்தது அது. மல்லாட்டைக் கொல்லையில் குனிந்து களை எடுத்தவள் மகள்தான் இன்று மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து கோப்பு பார்க்கிறாள். செடியின் பசுமையை மெச்சுகிற நாம் வெயிலை வாங்கிக்கொண்ட மரத்தை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. மனை வாங்கியதும் முதல் வேலையாக அதை வெட்டித் தரைக்கு சிமென்ட் போட்டுவிட்டு, பிறகு நிழலுக்குப் பச்சை வலை வாங்கக் கடைக்குப் போகிறோம்.

இந்த ஐப்பசி மழைக்கு மேற்குப் பக்கம் ஒரு புங்கன் நடுங்கள். வளர்ந்துவிட்டால் கோடைக்கு முன் இலை கொட்டி, சித்திரைக்குள் புதுத்தழை விட்டுவிடும். சில வருஷம் பொறுத்து அதனடியில் சித்தரத்தைக் கிழங்கை ஊன்றுங்கள். அதுவரை சளி பிடித்தால், நாட்டு மருந்துக் கடை இருக்கவே இருக்கிறது.