எலியின் வேதனையும் நம் கடமையும்



மனிதன் பிழைப்பதற்காக ஒரு வாயில்லா ஜீவனுக்கு நஞ்சூட்டுவது நியாயமா? இக்கேள்விக்கும் நம் சத்தியமங்கலத்துக் கடலைக் களங்களுக்கும் சம்பந்தம் உண்டு.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மாண்டன. அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் பிடித்திருந்த பூசணமே காரணம். அது சுரக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். அதை ஊட்டிய எலிகளுக்குக் கல்லீரலில் புற்றுநோய் கண்டது.

குன்னூரில் தோன்றி, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிய உணவாராய்ச்சி நிலையத்தில் மாதவன், கோபாலன் என்னும் ஆய்வாளர்கள் இதை மேலும் சோதித்து, 1968-இல் முடிவை வெளியிட்டார்கள். நஞ்சோடு நூற்றுக்கு 20 பங்கு புரதம் உண்ட எலிகளுக்குக் கட்டி வந்தது. 5 பங்கு உண்டவற்றுக்கு வரவில்லை. அப்படியானால் அரைவயிறே ஆரோக்கியம் என்று அவசரப்படாதீர்கள். புரதம் குறைந்த எலி எடை கூடாமல் குன்றும்; நஞ்சு பட்டவுடன் அதன் ஈரல் அதிகமாகவே கெடும். தராசு காட்டுவதையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை முழுமையாகும்.

இவ்வேதனை நியாயமா? உயிர் காக்கும் அறிவுக்காக, தேவைக்கு மிஞ்சாத அளவில் ஆகும். வீணாக வதைப்பது தகாது என்பதே திருச்சபையின் போதனை. 1960-இல் நம் நாடு இயற்றிய மிருகவதைத் தடுப்புச் சட்டமும் வீண் வதையை விலக்குகிறது.

ஆனால் பெற்ற அறிவை நாம் கைவிட்டால், அவ்வேதனையை வீணாக்கியவர்கள் நாமே அன்றோ? 1974-இல் குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஏழைகள் வேறு வழியின்றி உண்டார்கள். தெரிந்தே விற்பவனுக்கு என்ன சாக்கு உண்டு?

ஆகவே, மழையில் நனைந்து பூசணம் பிடித்த கடலையை நல்லதோடு கலந்து மூட்டை கட்டாதீர்கள். வறுத்தாலும் வேகவைத்தாலும் அந்நஞ்சு முற்றும் போகாது. கெட்ட பிண்ணாக்கைப் பசுவுக்கு வைத்தால், அது பாலில் இறங்கிக் குழந்தையின் டம்ளருக்கு வந்து சேரும். பறித்த காயை நன்றாய்க் காயவைத்து, சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பொறுக்கி ஒதுக்குங்கள்.

இதில் நட்டம் உண்டு, மறுக்கவில்லை. அறியாமல் விற்றவனுக்கு மனச்சாட்சி சும்மா இருக்கலாம். இதைப் படித்த நீங்களோ இனி அறிந்தவர்கள்.