பதக்கத்தால் திறக்கும் கதவு

நீச்சல் குளத்து நீரை வடிக்கிறார்கள். பாசி பிடித்துவிட்டதா? இல்லை. அழுக்குச் சேர்ந்துவிட்டதா? அதுவும் இல்லை. வெள்ளையரல்லாத பிள்ளைகள் அதில் குளித்துவிட்டார்களாம்! வாரத்தில் ஒரே ஒரு நாள் அவர்களுக்கு. அந்நாள் கழிந்ததும் குளம் காலியாகும்; புதுநீர் நிரம்பும்; பிறகே வெள்ளைச் சிறுவர் இறங்குவர். கலிபோர்னியாவின் பாசடீனா நகரத்துப் பொதுக்குளத்தில், 1930களில் நடந்தது இது. தீட்டு என்று அவர்கள் பெயரிடவில்லை. பெயரா முக்கியம்? கிணற்றடியில் ஒதுக்கப்பட்டவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அக்குளத்தில் பாயக் கற்றவன் சாம்மி லீ. கொரியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன், 1920-இல் பிறந்தவன். 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் விழா நடந்தபோது, பன்னிரண்டு வயது உள்ளத்தில் ஆசை முளைத்தது. ஆசைக்கு வாரத்தில் ஆறு நாள் தடை! ஆகவே பயிற்சியாளர் தம் வீட்டுக் கொல்லையில் குழி வெட்டி மணலை நிரப்பினார். நீரில் பாய வேண்டியவன் மணலில் குதித்துப் பழகினான். பத்து மீட்டர் மேடையிலிருந்து நீரைத் தொட ஏறத்தாழ ஒன்றரை வினாடி. தொடும்போது வேகம் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர். அதற்குள் உடலைச் சுருட்டி, திருப்பி, நிமிர்த்தி, ஊசிபோல் இறங்க வேண்டும். இக்கலைக்கு மணற்குழி பள்ளிக்கூடமாயிற்று!

1947-இல் மருத்துவப் பட்டம். 1948-இல் லண்டனில் மேடைப் பாய்ச்சலில் தங்கம். 1952-இல் ஹெல்சிங்கியில் மீண்டும் தங்கம். அன்று அவருக்கு 32-ஆம் பிறந்த நாள்.

இக்கதையை வகுப்பில் சொன்னபோது மாணவர் கைதட்டினர். "திறமை வென்றது ஐயா!" என்றான் ஒருவன். வென்றது உண்மை. ஆனால் எதை வென்றது? அவன் சரியாகப் பாயவில்லை என்பதற்காகவா குளத்து நீரை வடித்தார்கள்? அவன் தோலுக்காக வடித்தார்கள். திறமையைப் பற்றி எவரும் ஐயுறாத இடத்தில், திறமை எதற்குச் சான்று ஆகும்? கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி, கேட்டவன் வாயை அடைக்க முடியுமா?

முடியாது என்பதை 1955 காட்டியது. இரண்டு தங்கம் வென்ற மருத்துவர், இராணுவத்தில் பணியாற்றியவர், கார்டன் குரோவ் என்ற ஊரில் வீடு வாங்கச் சென்றார். வெள்ளையர் அல்லர் என்று மறுத்தனர். செய்தி வெளியே பரவி, கண்டனம் எழுந்த பின்னரே அப்பகுதியில் வீடு கிடைத்தது. பதக்கம் உதவியது என்பீர்கள். ஆம், உதவியது, அதுதான் என்னை உறுத்துகிறது. பதக்கமில்லாத கொரியத் தொழிலாளி அதே வாசலில் நின்றிருந்தால், அவனுக்காக எந்த இதழ் எழுதியிருக்கும்?

அப்படியானால் ஒடுக்கப்பட்டவன் முயலவே வேண்டாமா என்று கேட்கலாம். முயலட்டும், பாயட்டும், வானளவு உயரட்டும்! அது அவன் இன்பம், அவன் பெருமை. அதை நுழைவுச் சீட்டாக்குவதைத்தான் எதிர்க்கிறேன். உரிமை வேறு, பரிசு வேறு. முதலாவது வருவோன் பரிசு பெறலாம். கடைசியாக வருவோனும் குளத்தில் இறங்க வேண்டும்.

அதே 1948-இல், பெண்களுக்கான இரண்டு பாய்ச்சல் போட்டிகளிலும் தங்கம் வென்றார் விக்கி டிரேவ்ஸ். தந்தை பிலிப்பைன்ஸ் நாட்டவர், தாய் ஆங்கிலேயர். சான் பிரான்சிஸ்கோவில் பயிற்சி பெறுவதற்காக, மனாலோ என்ற தந்தை பெயரை மறைத்து, டெய்லர் என்ற தாய்வழிப் பெயரைச் சூட்ட வேண்டியிருந்தது. இவ்விருவர் பெயரும் வரலாற்றில் நிற்கின்றன. பாசடீனாவில் லீயுடன் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்து, குளித்து, வெறும் பிள்ளைகளாக வீடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் சென்றபின்னும் நீரை வடித்தார்கள்.