பிள்ளையின் கண்ணோரம் சிவந்திருக்கிறது, எழுந்திருங்கள்

ஸ்ரீராம்புரத்துத் தாய்மாரே, தகப்பன்மாரே, பேரப்பிள்ளைகளை இடுப்பில் சுமக்கும் பாட்டிமாரே, கேளுங்கள். பிள்ளையின் இமையிலோ புருவத்துக்குக் கீழேயோ மூக்கோரத்திலோ தடிப்பும் கொப்புளமும் கண்டால், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள். சம்பளம் வரட்டும் என்று சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாங்கிய டியூபைத் தடவிப் பார்ப்போம் என்று சொல்லவே சொல்லாதீர்கள். இன்றே தூக்கிக்கொண்டு போங்கள்.

கண்ணைச் சுற்றிய தோல் மிக மெல்லியது. அங்கே வரும் சிவப்பெல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், காரணமோ பல. புதுச் சோப்போ கண் மையோ ஒத்துக்கொள்ளாமல் அரிக்கலாம். கரப்பான் இமைக்கு ஏறியிருக்கலாம். தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினால் சீழ்க்கிருமியாக இருக்கலாம். கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம் எழுந்தால் அக்கியாக இருக்கலாம். ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு நஞ்சாகும். பிரித்தறிவது படித்தவர் வேலை.

அக்கி என்றதும் நமக்குக் காவிதான் நினைவுக்கு வருகிறது. குயவர் வீட்டுப் பெரியவர் செங்காவியைக் குழைத்து அக்கி எழுதுவார். அவர் கையில் வஞ்சகமில்லை. அவரை நான் பழிக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். காவி பூசாவிட்டாலும் அந்தக் கொப்புளம் சில வாரத்தில் தானே காய்ந்து உதிரும். தோல் ஆறுகிறது, காவிக்குப் பேர் கிடைக்கிறது. கண்ணுக்குள் புகுந்த கிருமியோ கருவிழியைப் புண்ணாக்கித் தழும்பாக்கிவிடுகிறது. ஒரு கண் மங்கியதைச் சிறுபிள்ளை சொல்லாது. மறு கண்ணால் பார்த்து ஆடிக்கொண்டிருக்கும். பள்ளியில் ஒரு கண்ணை மூடி எழுத்தைப் படிக்கச் சொல்லும் நாளில்தான் வீட்டுக்குத் தெரியவரும். அன்றைக்கு அழுது என்ன பயன்?

இந்தக் கிருமியை அடக்க அசைக்ளோவிர் என்ற மருந்து உண்டு. அக்கிக்குக் கொப்புளம் எழுந்த 72 மணி நேரத்துக்குள் அதைத் தொடங்குவதே நல்லது. மூன்றே நாள்! ஒரு நாளைக் காவிக்கும் ஒரு நாளை மந்திரிப்பதற்கும் ஒரு நாளை டியூபுக்கும் கொடுத்துவிட்டு, நான்காம் நாள் எந்த முகத்தோடு மருத்துவர் முன் நிற்போம்? நாள் கடந்துவிட்டதே என்று வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது. அப்போதும் போகத்தான் வேண்டும்.

அந்த டியூபைப் பற்றியும் கேளுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் அரிப்புக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. தடவினால் சிவப்பு மறையும், தாய் மனம் குளிரும், அடியில் கிருமி செழிக்கும். வாரக்கணக்கில் இமையில் தடவினால் தோல் மெலியும், கண்ணின் அழுத்தம் ஏறும், கண்புரையும் வரலாம். 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று மத்திய அரசு 2018-இல் விதித்தது. சட்டம் இருக்கிறது, கேட்பவர் இருப்பதால் கொடுப்பவரும் இருக்கிறார். கொடுத்தவர் மட்டுமா பொறுப்பு? கேட்ட நானும் பொறுப்பு, "எங்க பிள்ளைக்குக் கேட்டுச்சு" என்று சொல்லிக்கொடுத்த நீங்களும் பொறுப்பு, பார்த்தும் வாய் திறக்காத தெருவே பொறுப்பு. பிள்ளையின் கண் போனால் எல்லாரும் சேர்ந்துதான் கணக்குச் சொல்ல வேண்டும்.

இமை வீங்கிக் கண் திறக்கவில்லையா, விழி முன்தள்ளி நிற்கிறதா, விழியைத் திருப்பினால் வலிக்கிறதா, காய்ச்சல் அடிக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா, மூக்கு நுனியிலும் கொப்புளமா? இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். கண் குழிக்குள் சீழ் பிடித்தால் பார்வையோடு உயிருக்கும் ஆபத்து. மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியே மருந்து ஏற்றியாக வேண்டும். வண்டி கிடைக்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். மல்லேஸ்வரத்தில் கே.சி. ஜெனரல் அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. கண்ணுக்கென்றே மார்க்கெட் பக்கம் மின்டோ மருத்துவமனை நூறாண்டு கடந்து நிற்கிறது; அதுவும் அரசினுடையதுதான். காசில்லை என்ற சாக்கு நமக்கு இல்லை.

போகும்போது வீட்டில் தடவிய டியூபை, பூசிய மையைக் கையோடு எடுத்துப் போங்கள். காவி எழுதியிருந்தால் எழுதினோம் என்று சொல்லுங்கள். தாய்ப்பால் விட்டிருந்தால் விட்டோம் என்று சொல்லுங்கள். வெட்கப்பட்டு எதையும் மறைக்காதீர்கள். கண்ணில் சாயச் சொட்டு விட்டு நீல விளக்கில் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் பயப்படாமல் பிள்ளையை மடியில் பிடித்துக்கொள்ளுங்கள். கருவிழியில் புண் இருந்தால் அந்த வெளிச்சத்தில் பச்சையாகத் தெரிந்துவிடும்.