மருந்துக்குத் திருவுளச்சீட்டா?

உங்கள் வீட்டில் ஒருவருக்கு முடக்குவாதம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் விரல்களை மடக்க முடியாமல் தவிக்கும் அவர், தெமட்டகொடையில் பஸ் ஏறிக் கிளினிக்குக்குப் போகிறார். “ஓர் ஆய்வில் சேருகிறீர்களா? இரண்டு மருந்துகளில் எது உங்களுக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்போம். எது விழுந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது” என்கிறார் வைத்தியர். மனிதரை வைத்துச் சூதாடுவதா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

விடை காண நோயின் குணத்தை அறிய வேண்டும். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நம் மூட்டுகளைப் பகையென எண்ணித் தாக்குவதுதான் இந்நோய். லூபஸ் நோயும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இவை சில காலம் ஏறும். சில காலம் தாமாகவே தணியும். தணியும் வேளையில் எந்த எண்ணெயைப் பூசினாலும் புகழ் அதற்கே சேரும்.

நன்றாக வேலை செய்யும் மருந்திலும் ஏமாற்றம் உண்டு. 1948இல் அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையில் பிலிப் ஹெஞ்ச் என்ற வைத்தியர் கோர்ட்டிசோன் கொடுத்தபோது, முடங்கிக் கிடந்த ஒரு பெண் சில நாட்களிலேயே நடமாடினார். 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் நெடுநாள் கொடுத்தவர்களுக்கு முகம் வீங்கிற்று, எலும்புகள் நலிந்தன. ஆகவே ஒருவர் குணமடைந்ததைக் கண்டு தீர்ப்பளிக்க முடியாது. ஒப்பிட்டே பார்க்க வேண்டும். யாருக்கு எது என்பதை வைத்தியரே தெரிவு செய்தால் அவருடைய விருப்பு வெறுப்பும் கலந்துவிடும். அதற்காகவே சீட்டு.

நாட்டு மருந்தா, ஆங்கில மருந்தா என்பது நம் வீடுகளில் ஓயாத வாக்குவாதம். கோயம்புத்தூரில் அதையே ஆய்வுக்கு எடுத்தார்கள். முடக்குவாதமுள்ள 43 பேரைச் சீட்டுப்படி மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆயுர்வேதம், இன்னொன்றுக்கு மெத்தோட்ரெக்சேட், மூன்றாவதற்கு இரண்டும் கொடுத்தார்கள். யாருக்கும் வேற்றுமை தெரியாதபடி போலி மருந்தும் சேர்க்கப்பட்டது. ஆனால் போலி மருந்து மட்டும் பெற்றவர் எவருமில்லை. 2011இல் முடிவு வெளியானது: மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு பயனடைந்தனர். எனினும் தொகை சிறிதாகையால், இது ஆரம்ப முயற்சியே என்று ஆய்வாளர்கள் அடக்கமாகவே கூறினர்.

எனவே சீட்டுக் குலுக்குவது பாவமன்று. எது நல்லதென்று உண்மையாகவே தெரியாதபோது, தெரியாது என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. எது நல்லதென்று தெரிந்திருந்தும் குலுக்கினால் அது அநீதி. நோயாளி தரும் அதிகாரத்துக்கு மேல் வைத்தியருக்கு அதிகாரமில்லை என்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1952இல் போதித்தார். இலவச மருந்துக்காக வேறு வழியின்றி ஓர் ஏழை இடும் கையெழுத்தை முழுச் சம்மதமென்று சொல்லலாமா?

ஆகவே கையெழுத்திடுமுன் கேளுங்கள்: எனக்கு நிச்சயமான சிகிச்சை மறுக்கப்படுமா? தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு? இடையில் விலகினாலும் வழமையான வைத்தியம் கிடைக்குமா? தெளிவான பதில் வராவிட்டால் மறுத்துவிடுங்கள்; அதில் குற்றமில்லை. பதில் திருப்தியாயிருந்து சேர்ந்தீர்களானால், உங்கள் முகம் அறியாத நோயாளி ஒருவருக்கு நீங்கள் செய்யும் தருமம் அது. இன்று நம் வீட்டார் விழுங்கும் குளிசைக்குப் பின்னாலும் அப்படிச் சம்மதித்த யாரோ சிலர் இருக்கிறார்கள்.