மிகைமொழியும் நான்காம் சீலமும்





பஞ்சசீலத்துள் நான்காவது பொய் கூறாமை. அதனை நாள்தோறும் ஓதுகின்றோம். ஓதி எழுந்த சிறிது நேரத்திற்குள், "உனக்கு ஆயிரம் முறை சொல்லியாயிற்று" என்று பிள்ளையைக் கடிகின்றோம். சோறு வரத் தாமதித்தால், "பசியால் உயிரே போகிறது" என்கின்றோம். ஆயிரம் முறை சொன்னதுமில்லை, உயிர் போனதுமில்லை. அங்ஙனமாயின் சீலம் கெட்டதோ? இளைஞர் சிலர் இவ்வினாவை நம்மிடம் எழுப்பினர். எளிய வினாவாகத் தோன்றினும் இது ஆராயத் தக்கதேயாம்.

பொருளின் இயல்பைக் கடந்து உயர்த்திக் கூறுவதை உயர்வு நவிற்சி என்பர் இலக்கண நூலார். 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், வீரசோழியம் என்னும் இலக்கணத்தை இயற்றிய புத்தமித்திரனார் பௌத்தரே. அவர் எழுத்து, சொல், பொருள், யாப்பு என்பவற்றோடு அணிக்கும் ஒரு பகுதி வகுத்து, தண்டியாசிரியர் நெறியைத் தழுவி உரைத்தார். மிகையை அணியாக ஏற்கும் நெறி அது. சீலத்திற்கும் அணிக்கும் பகையில்லை என்பது இதனால் விளங்கும்.

நம் திருமறைகளிலும் இத்தகைய வழக்கு உண்டு. தம்மப் பகுதிகள் 84,000 என்பர். பிக்குகளின் கூட்டம் என்றால் 500. வணிகரின் வண்டிகள் என்றாலும் 500. பெருந்தொகை என்பதே அங்குக் கருத்து. ஒரு கற்பம் எவ்வளவு நீண்டது என்று ஒரு பிக்கு வினவினார். அதனை ஆண்டுகளால் எண்ணிக் கூறல் அரிது என்ற பகவன், ஓர் உவமை கூறினார். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு யோசனை அளவுள்ள கல்மலையை நூறாண்டுக்கு ஒருமுறை ஒருவன் காசித் துணியால் தடவிச் செல்கிறான். அம்மலை தேய்ந்து ஒழிந்தாலும் கற்பம் முடியாது என்றார். அளவிட இயலாததை மனத்திற்குக் காட்ட இங்ஙனம் பேருருவம் வேண்டியிருக்கிறது. மலையை எவரும் தேடிப் போகார். பிறவித் தொடரின் நீளத்தை உணர்வர். கேட்போன் ஏமாறாத இடத்தில் பொய் இல்லை.

ஆயின் நம்பும்படி கூறும் மிகை வேறு. வஜ்ஜி நாட்டில் பஞ்சம் உற்றபோது, வக்குமுதா ஆற்றங்கரையில் மழைக்காலம் தங்கிய பிக்குகள் சிலர் ஓர் உபாயம் செய்தனர். "இவர் ஞானநிலை எய்தியவர், அவர் அதனினும் மேலானவர்" என்று இல்லறத்தாரிடம் ஒருவரை ஒருவர் புகழ்ந்துரைத்தனர். ஊரார் தாம் உண்ணாமலும், பெற்றோர்க்கும் பிள்ளைகட்கும் கொடாமலும் அவர்கட்கு உணவளித்தனர். மழைக்காலம் கழிந்து ஏனைய பிக்குகள் மெலிந்து வந்தனர். இவர்களோ கொழுத்து வந்தனர். வயிற்றின் பொருட்டுச் செய்த அப்புகழ்ச்சியைப் பகவன் கடிந்து, அவ்வாறு உரைப்பவனைத் திருடருள் பெருந்திருடன் என்றார். அடையாத நிலையை அடைந்ததாகக் கூறும் பிக்குவைச் சங்கத்தினின்று நீக்கும் விதி இதனால் பிறந்தது. தன்னை உயர்வாகத் தவறி எண்ணி உரைத்தவனுக்கு அவ்விதி விலக்களித்தது. குற்றம் அளவு மீறியதில் மட்டும் இல்லை. பிறர் கலத்துச் சோற்றைக் கவரும் கருத்தில் உள்ளது.

பக்தியால் கூறும் புகழையும் பகவன் ஆராயாது விட்டதில்லை. நாலந்தையில் பாவாரிகரின் மாந்தோப்பில் சாரிபுத்திரர், பகவனை விஞ்சிய ஞானி முன்னும் இருந்ததில்லை, இனியும் இரார், இன்றும் இல்லை என்று முழங்கினார். பகவன் மகிழ்ந்து தலையசைக்கவில்லை. முற்காலத்துப் புத்தர்களின் உள்ளத்தை அறிந்தாயோ? வருங்காலத்தவரை அறிந்தாயோ? என்னையேனும் முற்றும் அறிந்தாயோ? பின் எவ்வாறு இங்ஙனம் முழங்கினாய் என்று வினவினார். அறியேன் என்று ஒப்பிய சாரிபுத்திரர், ஒரே வாயிலுள்ள கோட்டையின் காவலனை உவமை காட்டித் தம் அனுமானத்தின் நெறியை விளக்கினார். தம்மைப் புகழ்ந்த சொல்லுக்கே சான்று கேட்ட ஆசான் நம் ஆசான்.

இனி நமக்குரியதைக் கூறுவோம். நாம் நூற்பாலையில் உழைத்த நாளில், எழுத்தறிந்த தோழர் ஒருவர் மேலாளருக்கு ஒரு மனு எழுதினார். மூன்று மாதமாக ஒரு சொட்டுக் குடிநீரும் வைக்கவில்லை என்பது அதன் முதல் வரி. உண்மை யாதெனில், காலையில் ஒரு பானை நீர் வைப்பர். வேலை தொடங்கிய சிறிது நேரத்தில் அது தீர்ந்துவிடும். மேலாளர் காலையிலேயே வந்தார். நிறைந்த பானையைக் காட்டி, மனு முழுவதும் பொய் என்று தள்ளிவிட்டார். கூலித் தாமதமும், இயந்திரத்திற்குக் காப்பு மூடி இல்லாமையும் அதே மனுவில் இருந்தன. அவையிரண்டும் முழு உண்மை. ஒரு சொட்டு என்ற சொல்லோடு அவையும் அடித்துச் செல்லப்பட்டன.

வலியோன் மிகைத்துப் பேசினால் அதனை வீரம் என்பர். எளியோன் மிகைத்தால் பொய்யன் என்பர். இது நீதியன்று, எனினும் உலகியல் இதுவே. ஆதலின் நமக்கு நேர்ந்த கொடுமையை உரைக்குங்கால் நாள், இடம், தொகை ஆகியவற்றை உள்ளவாறே உரைத்தல் வேண்டும். உண்மைக் கொடுமைக்கு ஒப்பனை வேண்டுவதில்லை.

நற்செய்திக்கும் அஃதே. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கரோடு தம்மம் தழுவினோர் தொகையைப் பலர் பலவாறு கூறுவர். தொகையைப் பெருக்கிக் கூறுவதால் தம்மம் பெருகாது. 1951 கணக்கெடுப்பில் சுமார் 1 இலட்சத்து 80 ஆயிரமாக இருந்த இந்தியப் பௌத்தர், 1961 கணக்கெடுப்பில் சுமார் 32 இலட்சத்து 50 ஆயிரமாயினர். இதனினும் பெரிய மிகை எவரால் புனைய இயலும்?

மற்றொன்றும் நினைமின். "அவர்கள் எல்லாரும் அப்படித்தான், ஒருபோதும் திருந்தார்" என்று தலைமுறை தலைமுறையாக நம்மைக் கூறினர். சாதி இழிவு என்பது யாது? உண்மையென்று நம்பப்பட்ட ஒரு மிகைமொழியே. அதனால் அடிபட்ட நாம், அண்டை வீட்டாரையோ பிற சமயத்தாரையோ அதே சொற்களால் அளத்தல் தகுமோ? 'எல்லாரும்', 'ஒருவரும் இல்லை', 'எப்போதும்', 'ஒருபோதும்' என்னும் நான்கு சொற்களும் நாவில் எழும்போது ஒருகணம் தாமதிப்போமாக.

தாய் தன் மகவை ஆயிரம் நிலவே என்று கொஞ்சட்டும். அதனால் ஒருவரும் ஏமாறார். சந்தையிலும் சபையிலும் மனுவிலும் வழக்கிலும் நம் சொல் நிறைகோல் போல் நிற்கட்டும். பௌத்தன் சொன்னான் என்றால் பாதி கழிக்க வேண்டுவதில்லை என்று ஊரார் கூறும் நாளே நான்காம் சீலம் நம்மிடம் நிலைபெற்ற நாளாகும்.

சர்வ மங்களம் உண்டாவதாக! சாது! சாது! சாது!