மன்னிப்பை யார் கேட்க வேண்டும்?

மாதத்தில் ஒரு ஞாயிறாவது பூசையில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வந்துவிடுகிறது. எழுபது தடவை ஏழு தரம் மன்னிக்கணும் என்கிறார் சாமியார். நம்ம சனங்க தலையாட்டுகிறார்கள். வாரம் முழுக்க வாசிக்கிற செய்தித்தாளிலோ வேறு சங்கதி இருக்கிறது. ஓர் ஊரில் கோயில் தேர் நம்ம தெருவுக்கு வராது. இன்னோர் ஊரில் நம்ம பிணத்துக்குக் கல்லறையில் தனி மூலை. பிரசங்கத்தையும் செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது ஒரு கேள்வி வருகிறது. மன்னிக்க வேண்டியவர் யார் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் எங்கே?

அந்த வசனம் மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்குச் சில வசனம் முன்னாலேயே இயேசு ஓர் ஒழுங்கு சொல்கிறார். சகோதரன் உனக்குத் தப்புச் செய்தால் நேரில் போய் அவனிடம் சொல்லு. கேட்கலையா, சாட்சிக்கு ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அப்பவும் கேட்கலையா, சபையில் வை. சபைக்கும் அடங்கலையா, அவனை வெளியாளாக வைத்துக்கொள். இந்தப் படிகளையெல்லாம் தாண்டிக் குதித்துத்தான் நமக்கு மன்னிப்பைப் போதிக்கிறார்கள்.

5ஆம் அதிகாரம் இன்னும் கறார். காணிக்கை கொண்டு வந்தவனுக்கு, தன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டு என்று ஞாபகம் வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் போட்டுவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகணும். இங்கே நடக்கச் சொல்லி அனுப்பப்படுகிறவன் தப்புச் செய்தவன். அடிபட்டவன் இல்லை. இதை நிசமாகவே கடைப்பிடித்தால் பல பங்குகளில் பீடத்தின் முன் காணிக்கை குவிந்து கிடக்கும். கோயிலுக்குள் நாம் மட்டும்தான் உட்கார்ந்திருப்போம்.

புதுசாக எதையும் நாம் கேட்கவில்லை. சின்னப் பிள்ளையிலிருந்து ஞானோபதேசத்தில் படித்ததுதான். மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனம், பரிகாரம் மூன்றும் வேணும். திருடினவன் அழுதால் மட்டும் போதாது, திருடினதைத் திருப்பிக் கொடுக்கணும். ஆட்டுக்குட்டி திருடினவனுக்கு உள்ள சட்டம், ஒரு சனத்தின் மானத்தை எடுத்தவனுக்கு இல்லையா?

திருச்சபை இந்தப் பாவத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை என்று சொல்லமாட்டேன். 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சாதியைக் கண்டித்தார். 2016இல் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை ஆவணம், திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டது. 1950 ஆகஸ்டு 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களுக்கு மட்டும் பட்டியல் சாதித் தகுதி தந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்ந்தார்கள். நாம் இன்னும் வெளியே. அதற்காக ஆகஸ்டு 10ஐக் கறுப்பு நாளாகத் திருச்சபைகள் அனுசரிக்கின்றன. நல்லது, நாமும் போய் நிற்கிறோம்.

ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறிஸ்தவர் ஆனவர். செருப்புத் தைக்கிறவர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை, கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறின பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் தள்ளுபடி செய்தார்கள். ஆதாரமா இல்லை? திருச்சி மேலப்புதூர் கல்லறையில் நம்ம பிணங்களைப் பிரித்து நின்ற சுவர் ஊரறிந்த ஆதாரம். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. மடத்துக்குப் போய், அங்கேயும் சாதியைப் பார்த்து, வெளியே வந்த ஒரு பெண்ணின் சாட்சியம் அது. ஆதாரத்துக்குப் பஞ்சமே இல்லை.

டெல்லியில் நீதிபதிகளிடம், "எங்களிடமும் சாதி இருக்கிறது, சலுகை கொடுங்கள்" என்கிறோம். ஊரில் கேட்டால், "நமக்குள்ள என்னப்பா சாதி, எல்லாரும் கிறிஸ்துவுக்குள் ஒண்ணுதானே" என்கிறார்கள். அரசாங்கத்திடம் சொல்லும் பாவசங்கீர்த்தனம் மனு ஆகும்; மனந்திரும்புதல் ஆகாது. யாருக்குத் தீங்கு செய்தாயோ அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லணும்.

"அப்படியானா காலமெல்லாம் கசப்பச் சுமந்துக்கிட்டே திரியணுமா?" என்று நம்ம ஆட்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வெறுப்பை இறக்கி வைப்பது வேறு, மன்னிப்பது வேறு. வெறுப்பை இறக்கி வைப்பது நம்ம உடம்புக்கும் மனசுக்கும் நாமே செய்துகொள்வது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. மன்னிப்பு அப்படியில்லை. அது ஒரு பதில். கேள்வியே வராத இடத்தில் பதில் சொன்னால் தப்புச் செய்தவனுக்குத் தன் தப்பு தெரியாமலே போய்விடும். அடுத்த வருசமும் தேர் அதே தெருவோடு திரும்பிவிடும். இன்னொன்றும் உண்டு. தனி மூலையில் புதைக்கப்பட்ட நம்ம பாட்டன் பூட்டிக்காக நாம் எப்படி மன்னிக்க முடியும்? அந்த அதிகாரத்தை நமக்கு யார் கொடுத்தது?

சுவர் நிரந்தரமானதும் இல்லை. வடக்கன்குளம் கோயிலில் வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்த சுவரை, அங்கே இருந்த கௌசானல் சாமியார் 1910இல் இடிக்கச் செய்தார். வெள்ளாளர் தரப்பு வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் சுவரைத் திருப்பித் தரவில்லை. நூறு வருசத்துக்கு மேலே ஆகிவிட்டது. ஒரு சாமியார் மனசு வைத்தால் நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. அவர் மன்னிப்பைப் பற்றி எத்தனை பிரசங்கம் வைத்தார் என்று எனக்குத் தெரியாது. சுவரை இடித்தார் என்று தெரியும்.

ஆகவே அடுத்த தடவை மன்னிக்கச் சொல்லிப் பிரசங்கம் வந்தால், பூசை முடிந்ததும் மரியாதையாகவே கேட்போம்: "சாமி, மன்னிக்கிறோம். கேட்க வேண்டியவங்க எப்ப வருவாங்க? கல்லறைச் சாவியோட வருவாங்களா, வெறுங்கையோட வருவாங்களா?"