சுட்ட மண்ணுக்குப் பட்ட கடன்

மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே போகட்டும் என்று சொல்லித்தான் விரிசல் விட்ட பூந்தொட்டியைக் கொல்லையில் வீசுகிறோம். கேட்க ஞானம் போலிருக்கும் இந்தப் பேச்சு பச்சை மண்ணுக்குப் பொருந்தும், சுட்ட மண்ணுக்குப் பொருந்தாது. சூளையில் சூடு ஏறத்தாழ 600 டிகிரியைத் தாண்டும்போது களிமண்ணுக்குள் பிணைந்திருந்த நீர் நிரந்தரமாக வெளியேறிவிடுகிறது. பிறகு எந்த மழையும் அதைக் குழைக்காது. ஆதிச்சநல்லூர்த் தாழிகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் புதைந்து கிடந்தும் மண்ணாகவில்லை. அந்தமான் பழங்குடியினர் சிப்பி தின்று குவித்த மேடுகளைத் தோண்டினாலும் பானை ஓடு கிடைக்கிறது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டுமா என்ற பழமொழி இந்தச் சேதியை எப்போதோ சொல்லிவிட்டது. திருப்பி எடுக்க முடியாத ஒன்றை மண்ணுக்குச் செய்தவர்கள் நாம். அந்தச் சுட்ட மண்ணின்மேல் நமக்குக் கடமை உண்டா? உண்டு என்பதே என் கட்சி.

நிக்கோபாரின் சௌரா தீவை எடுத்துக்கொள்வோம். அங்கே பானைக்கான களிமண் கிடையாது. தெற்கே தெரசா தீவிலிருந்து ஓடத்தில் மண் ஏற்றி வரவேண்டியிருந்தது. ஆனாலும் சுற்றுத் தீவுகளுக்கெல்லாம் பானை கொடுத்தது சௌராதான். மண்ணை வைத்திருந்த தெரசாக்காரர்கள் பானை வனைந்தால் கேடு வரும் என்ற நம்பிக்கை சௌராவின் அந்த உரிமையைக் காவல் காத்தது. சக்கரம் இல்லாமல் பெண்கள் கையால் வனைந்த அந்தப் பானைகளைச் சுட்ட முறையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இ.எச். மேன் என்ற அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். உடைந்த பழைய பானைகளின் ஓடுகளைத் தரையில் நட்டு, புதுப் பானையை அவற்றின்மேல் கவிழ்த்து, அடியில் தேங்காய்ச் சிரட்டையும் விறகும் இட்டுக் கொளுத்துவார்கள். சூடு ஆறுமுன் ஈரமான இளந்தேங்காய் மட்டையை ஒற்றிக் கருங்கோடுகள் போடுவார்கள். செத்த பானை அடுத்த பானைக்குக் காலாக நிற்கிறது. கடமை என்று நான் சொல்வது இதைத்தான்.

அதே நிக்கோபாரியர், ஒருவர் இறந்தால் அவருடைய பொருள்களை உடைத்துக் கல்லறையில் வைப்பதும் உண்டு. அப்படியானால் பேணுதல் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். நம் ஊரிலும் சுடுகாட்டில் கொள்ளிக்குடம் உடைபடுகிறது. இரண்டிலும் உடைப்பதற்கு ஒரு ஆள் இருக்கிறார், ஒரு காரணம் இருக்கிறது. கொல்லையில் வீசுவதற்கு அலட்சியத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

வேதாந்தி வேறு பக்கத்திலிருந்து வருவார். குடமென்பது வெறும் பெயர், மண்ணே மெய் என்று சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் மகனுக்குச் சொல்லவில்லையா, பெயரைக் கட்டிக்கொண்டு அழுவது பற்று இல்லையா என்பார். மண்ணே மெய் என்றால் அந்த மெய்யை வீசியெறிய மட்டும் எங்கிருந்து உரிமை வந்தது? பற்று என்பது, என்றைக்கும் உடையாது என்று நம்புவது. உடையும் என்று தெரிந்தே துடைத்து வைப்பது பற்று ஆகாது. எல்லாரும் பழசையே பேணினால் குயவர் பிழைப்பு என்னாவது என்ற கேள்விதான் எனக்குக் கனமாகப் படுகிறது. ஆனால் பொங்கல் பானையும் அக்கினிச்சட்டியும் புதிதாகவே வேண்டும். அந்த வழக்கத்தில் யாரும் கைவைக்கவில்லை. குயவர் சோற்றில் மண் போட்டது பிளாஸ்டிக் தொட்டி, நூறு வருடப் பூந்தொட்டி அல்ல.

இனி பேணும் முறைக்கு வருவோம். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் இந்தக் கடமை உப்போடு நடக்கும் சண்டை. கடற்காற்றின் உப்பு தொட்டியின் நுண்துளைகளில் இறங்கி, வெயிலில் படிகமாகி, மேல்தோலைப் பொரிபொரியாக உரிக்கும். தொட்டியை மழைநீரில் ஊறப் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, தேங்காய் நாரால் தேய்த்து நிழலில் உலர்த்துங்கள். விரிசலுக்கு வாய்க்குக் கீழே கம்பி கட்டினால் போதும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கிப் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். பழசை மறைக்க எனாமல் பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள்.